குமாஸ்தான்னா கசக்குது, பாராலீகல்னா இனிக்குதா?

போன பங்குனி உத்திரத்தன்று ஆர்.கே.புரம் மலை மந்திரில் நல்ல கூட்டம். தரிசனம் முடித்து, தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோடு படி இறங்கிக்கொண்டிருந்தோம். கீழே பெரியப்பா மகன் நின்றிருந்தார். என்னைவிட இருபது வயசு மூத்தவர். மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்து ரிட்டயரானவர். தில்லியில் எங்கள் சொந்தக்கார வட்டத்துக்கு அவர்தான் சுப்ரீம் கோர்ட்.

"பிள்ள பி.காம் முடிச்சிட்டாளா? அடுத்து என்ன?"

"ஒரு வக்கீல் ஆபீஸ்ல பாராலீகலா சேரப்போறா அண்ணே."

"அப்படின்னா?"

விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "ஏல, அப்போ குமாஸ்தா வேலைன்னு சொல்லு. நீ பட்டது பத்தாதா? பொம்பளப் பிள்ளையையும் கொண்டுபோய் அங்கேயே தள்ளணுமா?" என்றார்.

மகள் பக்கத்தில்தான் நின்றாள். மனைவி தொன்னையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். கோயில் வாசலில் பெரியவரோடு மல்லுக்கு நிற்கக்கூடாது என்று வளர்த்துவிட்டார்கள், என்ன செய்ய. ஆனால் மெட்ரோவில் மயூர் விஹார் வருகிறவரைக்கும் மனசுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டேதான் வந்தேன். அந்த வாதத்தைத்தான் இங்கே இறக்கி வைக்கிறேன். அவர் ஒருத்தருக்கு மட்டும் இல்லை. மாட்டுங்காவிலும் அல்சூரிலும் புனேயிலும் உட்கார்ந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்கிற எல்லாப் பெரியப்பா மகன்களுக்கும் சேர்த்துத்தான்.

அண்ணன் தில்லிக்கு வந்தது 1972ல். சுருக்கெழுத்து ஹையர், டைப்ரைட்டிங் ஹையர், ஒரு டிரங்குப் பெட்டி. கரோல் பாக்கில் ஒரு ரூமில் நாலு பேர். ஸ்டெனோவாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தார். அந்தத் தலைமுறையில் பாதித் தமிழர்கள் இப்படி வந்தவர்கள்தான். அதிகாரி சொல்லச் சொல்ல எழுதி, பிழை திருத்தி, டைப் அடித்து, கோப்பைத் தேதிவாரியாக அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று கேட்ட நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். அதுக்குப் பேர் கௌரவம். அதே வேலையைக் கோர்ட்டுப் பக்கம் நின்று செய்தால் குமாஸ்தா! அண்ணனுக்கும் எனக்கும் வேலையில் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான்: அவர் கடுதாசியில் அசோகச் சக்கரம் இருந்தது, கடைசியில் பென்ஷன் வந்தது.

நான் வந்தது 1991ல். அம்பாசமுத்திரத்தில் அதே ஹையர், அதே டிரங்குப் பெட்டி. ஆனால் அதற்குள் சர்க்கார் வேலை சுருங்கிவிட்டது. ஊர்க்காரர் ஒருத்தர் சொல்லி ஒரு வக்கீல் ஆபீசில் சேர்ந்தேன். இங்கே எங்களைக் கூப்பிடுகிற பேர் 'முன்ஷி'. 'முன்ஷிஜி' என்று மரியாதையாகவும் கூப்பிடலாம், 'ஏ முன்ஷி' என்றும் கூப்பிடலாம், அது கூப்பிடுகிறவரின் வளர்ப்பைப் பொறுத்தது. 2006ல் ஆபீஸ் பெரிசாகி வெளிநாட்டுக் கட்சிக்காரர்கள் வர ஆரம்பித்ததும் ஒருநாள் எல்லாருக்கும் புது விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். என் கார்டில் 'பாராலீகல்' என்று இருந்தது. சம்பளக் கவரில் ஒரு மாற்றமும் இல்லை. கட்சிக்காரருக்கு அனுப்பும் பில்லில் மட்டும் என் நேரத்துக்கு மணிக்கணக்கில் ரேட் முளைத்துவிட்டது.

ஒரு அசிங்கத்தையும் ஒத்துக்கொள்கிறேன். மகளை எல்கேஜி சேர்க்கும்போது பாரத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'லீகல் ப்ரொஃபெஷனல்' என்று எழுதினேன். பொய் இல்லை, ஆனால் பொய்தான். அவள் பத்தாவது படிக்கும்போது தோழி வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள். வந்து என்னிடம், "அப்பா, நீங்க வக்கீலா, இல்லையா?" என்றாள். அன்றைக்கு முதல்முறையாக அவளை உட்காரவைத்து நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னேன். ரெண்டு மணி நேரம் ஆனது. முடிவில், "இவ்ளோ இருக்கா? அப்புறம் ஏன் சொல்லவே இல்ல?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

சரி, என்னதான் வேலை? அண்ணனுக்கும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சுப்ரீம் கோர்ட்டில் எந்த வக்கீலும் வாதாடலாம், ஆனால் வழக்கைத் தாக்கல் செய்ய 'அட்வகேட் ஆன் ரெக்கார்ட்' ஆக இருக்க வேண்டும். அதற்குப் பரீட்சை எழுதணும். பாஸ் செய்தால் மட்டும் போதாது. 2013ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் விதிகளைப் புரட்டிப் பாருங்கள். கோர்ட்டிலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஆபீஸ் இருக்கணும். பதிவான ஒரு மாதத்துக்குள் பதிவு பெற்ற ஒரு குமாஸ்தாவை வேலைக்கு வைத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுக்கணும். நாட்டின் உச்ச நீதிமன்றமே 'குமாஸ்தா இல்லாமல் நீ இங்கே கடை போட முடியாது' என்கிறது. நம்ம வீட்டில் குமாஸ்தா என்றால் மூக்கைச் சுளிக்கிறார்கள்.

தாக்கல் செய்வது என்றால் கட்டைக் கொண்டுபோய்க் கவுண்டரில் நீட்டுவது என்று நினைக்கிறார்கள். பேப்பர் அளவு, எழுத்தின் அளவு, வரிக்கு வரி இடைவெளி எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் சுப்ரீம் கோர்ட்டில் ஏ4 தாள், இரண்டு பக்கமும் அச்சு, எழுத்து 14 அளவு, இடைவெளி ஒன்றரை. அதற்கு முன்னால் நீளத்தாளில் ஒரு பக்கம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தோம். வக்காலத்தில் ஸ்டாம்ப், பிரமாணப் பத்திரத்தில் தேதி, இணைப்புகளின் வரிசை, கீழ்க்கோர்ட் தீர்ப்பின் சான்றிட்ட நகல், மங்கலான பக்கத்துக்குத் தனியாகத் தட்டச்சுப் பிரதி. ஒன்று தவறினாலும் ரெஜிஸ்ட்ரி 'டிஃபெக்ட்' போட்டுத் திருப்பும். கட்சிக்காரருக்குத் தூக்குக் கயிறாக இருந்தாலும் சரி, வீடு ஜப்தியாக இருந்தாலும் சரி, டிஃபெக்ட் தீர்கிறவரைக்கும் வழக்கு நீதிபதி முன்னால் போகாது.

அப்புறம் நாள் கணக்கு. எங்கள் தொழிலின் உயிரே அதுதான். ஹைகோர்ட் தீர்ப்பை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கு வர 90 நாள். கேவியட் போட்டால் அதன் ஆயுளும் 90 நாள். வணிக வழக்கில் சம்மன் கிடைத்த நாளில் இருந்து பதில் மனுவுக்கு 30 நாள், கோர்ட் பார்த்து நீட்டித்தால் மொத்தம் 120. அதற்கு மேல் நீதிபதியே நினைத்தாலும் முடியாது, பதில் சொல்லும் உரிமையே போய்விடும் என்று 2019ல் சுப்ரீம் கோர்ட் உறுதியாகச் சொல்லிவிட்டது.

சில வருஷம் முன்னால் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். "சம்மன் போன வாரம்தான் வந்துச்சு" என்றார். ஜூனியர் வக்கீல் பையன் (நல்ல பையன்தான், பெரிய சட்டக் கல்லூரியில் படித்தவன்) அந்தத் தேதியை வைத்து டைரியில் கணக்குப் போட்டுவிட்டான். எனக்கு மனசு ஒப்பவில்லை. கோர்ட்டுக்குப் போய் அஹ்லமத்திடம் (கோர்ட்டில் கட்டுகளைப் பராமரிக்கிறவருக்கு இங்கே அந்தப் பேர்) கெஞ்சிக் கூத்தாடி, முறைப்படி மனுப் போட்டுக் கட்டைப் பார்த்தேன். கம்பெனியின் பதிவு அலுவலகம் வேறு ஊரில். அங்கே மூணரை மாசத்துக்கு முன்பே யாரோ சம்மனை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! 120 முடிய மிச்சம் 11 நாள். ஆபீசே ராத்திரி பகலாக உட்கார்ந்து பதில் மனுவைப் போட்டது. கட்சிக்காரருக்குப் போன பில்லில் 'கோப்பு ஆய்வு, இரண்டு மணி நேரம்' என்று அந்த ஜூனியர் பேரில் இருந்தது. எனக்கு அஹ்லமத்தோடு குடித்த டீயின் காசுகூட வரவில்லை :-)

இன்னொன்று நம்ம ஆட்களுக்கென்றே உள்ளது. தமிழ்நாட்டு வழக்குகள் தில்லிக்கு வரும்போது கூடவே தமிழ்க் காகிதங்களும் வரும். பட்டா, சிட்டா, அடங்கல், கிரயப் பத்திரம், சாட்சி வாக்குமூலம், உயில். எல்லாம் இங்கிலீஷில் பெயர்த்துத் தாக்கல் ஆகணும். இதை யார் பெயர்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வாரிசு வழக்கில் வெளியே கொடுத்து வாங்கிய மொழிபெயர்ப்பில் வரிசையாக 'அங்கிள்', 'அங்கிள்' என்று போட்டிருந்தது. மூலத்தைப் பார்த்தால் ஒருத்தர் சித்தப்பா, ஒருத்தர் தாய்மாமா. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் அட்டவணையில், இரண்டாம் வகுப்பு வாரிசுகளில், அப்பாவின் சகோதரர் ஏழாவது இனம், அம்மாவின் சகோதரர் ஒன்பதாவது இனம். முந்தைய இனத்தில் ஒருத்தர் உயிரோடு இருந்தால் பிந்தைய இனத்துக்குச் சல்லிக்காசு கிடையாது. ஒரே ஒரு 'அங்கிள்' ஒரு குடும்பத்தின் நிலத்தையே இடம் மாற்றிவிடும். மெஷின் மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே என்கிறார்கள். சுப்ரீம் கோர்ட்டே 2019ல் தீர்ப்புகளைப் பெயர்க்க ஒரு மென்பொருள் கொண்டுவந்தது, உண்மை. அச்சடித்த தீர்ப்பு வேறு, 1938ல் ஒரு பத்திர எழுத்தர் நிறுத்தற்குறியே இல்லாமல் ரெண்டு பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக எழுதிய தானப் பத்திரம் வேறு.

இந்த இடத்தில்தான் நம்ம குடும்பங்கள் மேல் எனக்குக் கோபம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பேசுவார்கள், சீரியல் பார்ப்பார்கள், 'பாட்டி சௌக்கியமா' என்பார்கள். படிக்க வராது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் இருந்தும் 'எதுக்கு, ஃப்ரெஞ்ச் எடுத்தா மார்க் வரும்' என்று போனவர்கள்தான் நாம். நானும் அதைத்தான் செய்தேன். சட்டம் தெரிந்த, தமிழும் வாசிக்கத் தெரிந்த ஒரு ஆளுக்குத் தலைநகரில் என்ன கிராக்கி என்று தெரிந்தும் செய்தேன்.

இனி மறுபக்கம். குமாஸ்தா என்றால் முகம் சுளிக்கிற அதே சனம், பாராலீகல் என்று இங்கிலீஷில் சொன்னால் காசைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறது. என் அக்கா மகன் புனேயில் இருக்கிறான். பி.எஸ்சி கெமிஸ்ட்ரி. ஒரு பயிற்சிக் கடையில் 'சர்வதேச பாராலீகல் டிப்ளமோ' என்று 85,000 ரூபாய் கட்டினான். அக்கா எனக்குச் சொல்லவே இல்லை. "மாமாவ மாதிரி ஆபீஸ் கிளார்க் இல்ல, இது வேற" என்று மாப்பிள்ளை நினைத்தானாம்.

அந்த விளம்பரத் தாளை அப்புறம் பார்த்தேன். அமெரிக்காவில் பாராலீகலின் சம்பளத்தை ரூபாயில் மாற்றிப் பெரிசாகப் போட்டிருந்தார்கள். அமெரிக்காவில் இது முறையான தொழில்தான், அங்கே அரசுப் புள்ளிவிவரப்படியே 2023ல் இடைநிலைச் சம்பளம் வருஷத்துக்கு 60,970 டாலர். கனடாவின் ஒண்டாரியோவில் இன்னும் ஒரு படி மேலே: 2007ல் இருந்து பாராலீகலுக்குத் தனி உரிமம், சிறு வழக்குகளில் தானே ஆஜராகலாம். அதெல்லாம் அந்தந்த ஊர்ச் சட்டம் கொடுத்த இடம். புனேயில் மூணு மாசம் வகுப்பில் உட்கார்ந்தால் அது எப்படி இங்கே வரும்?

தாளின் கீழே இன்னொரு கில்லாடித்தனம். 'அரசு அங்கீகரித்த பாராலீகல் பணி' என்று ஒரு வரி. அது என்னவென்றால், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009ல் கொண்டுவந்த பாராலீகல் தன்னார்வலர் திட்டம். நல்ல திட்டம். ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி கிடைக்க வழிகாட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் அது தொண்டு. வேலை செய்த நாளுக்கு ஏதோ ஒரு கௌரவத் தொகை கிடைக்கும். வருமானத்தை எதிர்பார்த்து வராதவர்களே நல்லது என்று அந்தத் திட்டமே சொல்கிறது. அதைக் கொண்டுவந்து உத்தியோகம் மாதிரி ஒட்டி விற்கிறார்கள்.

மூணு மாசம் கழித்து மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்தது. ஒரு வக்கீல் ஆபீஸ். மாசம் 14,000 ரூபாய். ஜெராக்ஸ் எடுப்பது, பைண்டிங் கடைக்கு ஓடுவது. அவன் நொந்துபோய் எனக்குப் போன் செய்த அன்றுதான் எனக்கு விஷயமே தெரியும். "மாமா, ஒரு வருஷமா ஒரு வாய்தா தேதிகூட நான் குறிச்சதில்ல" என்றான். அந்த வார்த்தைதான் 85,000 ரூபாயைவிட வலித்தது.

கெமிஸ்ட்ரி படித்த பையன்! காப்புரிமை முகவர் பரீட்சை என்று ஒன்று இருக்கிறது. அறிவியலோ பொறியியலோ பட்டம், 21 வயசு, அவ்வளவுதான். சட்டப் படிப்பு கேட்பதில்லை. பாஸ் செய்து பதிவு செய்துகொண்டால் காப்புரிமை அலுவலகத்தில் தானே ஆஜராகலாம், தன் பேரில் தொழில் செய்யலாம். பரீட்சை வருஷா வருஷம் தவறாமல் நடக்கும் என்று சொல்ல முடியாது, நடக்கும்போது பிடித்துக்கொள்ளணும். வணிகச் சின்னத்துக்கும் அதே மாதிரி முகவர் பரீட்சை உண்டு, அதற்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். சும்மா அடிப்படை தெரிந்துகொள்ளணும் என்றால் இக்னோவில் பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கே பாராலீகல் டிப்ளமோ கொண்டுவந்தார்கள், ஒரு வருஷம், அஞ்சல் வழி, பயிற்சிக் கடை வாங்குவதில் சின்னப் பங்குதான் கட்டணம். இதையெல்லாம் அவனுக்குச் சொல்ல முப்பது வருஷ அனுபவத்தோடு ஒரு மாமா இருந்தேன். கேட்கத் தோன்றவில்லை. ஏன்? மாமா குமாஸ்தாதானே.

அவுட்சோர்ஸிங் கம்பெனிகள் பற்றியும் ரெண்டு வரி. பெங்களூரு, குர்காவ் பக்கம் அமெரிக்க வழக்குகளுக்கு ஆவணம் பார்க்கும் வேலை ஒருகாலத்தில் கொடிகட்டிப் பறந்தது. இவர்களையும் வெளிநாட்டு வக்கீல்களையும் சேர்த்து எதிர்த்த வழக்கு சென்னை ஹைகோர்ட்டில்தான் நடந்தது, 2012ல் தீர்ப்பு. 2018ல் சுப்ரீம் கோர்ட், டைப்பிங், செயலக உதவி மாதிரி வேலைகளோடு நின்றால் வக்கீல் சட்டம் குறுக்கே வராது, உள்ளபடி சட்டத் தொழிலே செய்தால் வரலாம் என்று கோடு போட்டது. அந்தக் கம்பெனிகள் பெரும்பாலும் சட்டப் பட்டதாரிகளைத்தான் எடுக்கின்றன. டிப்ளமோக்காரர்கள் நம்பிப் போகிற இடம் இல்லை.

சரி, குறை எங்கே? பாராலீகல் என்ற பேரை இந்த நாட்டின் 1961ஆம் ஆண்டு வக்கீல் சட்டத்தில் தேடிப் பாருங்கள், கிடையாது. வக்கீல் அல்லாதவர் தொழில் செய்தால் ஆறு மாசம்வரை ஜெயில் என்று அதில் இருக்கிறது. 2023ல் திருத்தம் கொண்டுவந்தபோது, கோர்ட் வாசலில் கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் தரகர்களைப் பட்டியல் போட ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தரகருக்குச் சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்குக் காஸ் லிஸ்ட் பார்க்கிறவனுக்கு இன்னும் இல்லை. தமிழ்நாட்டில் 1999லேயே வக்கீல் குமாஸ்தாக்களுக்கு நல நிதிச் சட்டம் வந்தது, கேரளத்தில் 2003ல். நல்ல காரியம். ஆனால் அது கஷ்டகாலத்துக்கு உதவுகிற நிதி. என்ன படிக்கணும், என்ன சம்பளம், என்ன வேலையைத் தனியாகச் செய்யலாம் என்பதற்குப் பதில் அதில் இல்லை.

சம்பளக் கதை இன்னும் வேடிக்கை. கேரளத்தில் ஒரு வக்கீல் நிறுவனத்தின் ஊழியர் தொடுத்த வழக்கில், வக்கீல் ஆபீஸ் அந்த மாநிலக் கடைகள் சட்டப்படி வணிக நிறுவனம் ஆகாது என்று 1984ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஊர்த் தொழிலாளிக்கெல்லாம் உரிமை வாங்கித் தர மனு டைப் அடிக்கிறவன், தன் லீவுக்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவான்? 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புது ஊதியச் சட்டத்தொகுப்பு, நிறுவனம் என்பதை ரொம்ப விரிவாக எழுதியிருக்கிறது. 'எந்தத் தொழில் நடக்கும் இடமும்' என்கிறது. அந்தக் கதவை எங்கள் ஆட்களில் யாராவது தட்டிப் பார்க்கணும். தில்லியில் பட்டதாரி எழுத்தருக்கு அரசு வைத்த குறைந்தபட்ச ஊதியமே 2024ல் மாதம் 23,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பொருந்துமா பொருந்தாதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். அதற்குக் கீழே கொடுக்கிற ஆபீசில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

ஆனால் ஒன்று சொல்லணும். முதலாளிகள் இவ்வளவு குறைவாகக் கொடுப்பது அவர்கள் கெட்டவர்கள் என்பதால் மட்டும் இல்லை. இந்த வேலையில் இருக்கிறவனே வெளியே சொல்லக் கூசுகிறான். கூசுகிறவன் கூலி கேட்க மாட்டான். சங்கம் வைக்க மாட்டான். 'இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் வேற வேலை' என்றே முப்பது வருஷம் ஓட்டுவான். அந்தக் கூச்சத்தை அவனுக்குக் கொடுத்தது ஆபீஸ் இல்லை, வீடு. கல்யாண வீட்டில், கொலு வீட்டில், மலை மந்திர் வாசலில் கொடுத்தோம். அண்ணன் அன்றைக்கு என் மகளுக்குக் கொடுக்கப் பார்த்ததும் அதைத்தான்.

அண்ணன் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். "எல்.எல்.பி. படிக்க வையேன்" என்றும் அவர் சொன்னார். இந்த வேலைக்கு ஒரு கூரை உண்டு, உண்மை. எவ்வளவு தெரிந்தாலும் கோர்ட்டில் எழுந்து நின்று பேச முடியாது. வாதாட ஆசைப்படுகிற பிள்ளை வக்கீலுக்குத்தான் படிக்கணும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று ஏமாறவும் கூடாது, பார் கவுன்சில் விதிப்படி 70 சதவீத வருகை வேண்டும், அஞ்சல் வழிப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. மகளிடம் இதையும் சொன்னேன். "எனக்கு நின்னு பேசறதுல ஆசை இல்லப்பா. எனக்கு அந்த 11 நாள் கதைதான் பிடிச்சிருக்கு" என்றாள். ரெண்டு வருஷத்தில் மனசு மாறினால் மாறட்டும், அப்போது படிக்கட்டும். கோர்ட் நடைமுறை தெரிந்து சட்டக் கல்லூரிக்குப் போகிறவள் ஒன்றும் கெட்டுப்போக மாட்டாள்.

நேர்முகத்துக்குப் போகும் முன் அவளுக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். என்னை எந்தக் கோர்ட்டில் பதிவு பெற்ற குமாஸ்தாவாக்குவீர்கள்? டைரி யார் கையில், எனக்கு எப்போது? என் நேரத்தை பில்லில் யார் பேரில் போடுவீர்கள்? மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் அந்த அம்மா (பார்ட்னர்) சிரித்துவிட்டாராம். "இது உன் கேள்வி இல்லையே, யார் சொல்லிக் கொடுத்தது?" என்றாராம். "எங்க அப்பா. பாராலீகல்" என்று சொல்லியிருக்கிறாள். பாரத்தில் நான் எழுதியதற்கு இது பதிலா என்னவோ.

சாயந்திரங்களில் இப்போது தமிழ் எழுத்து படிக்கிறாள். பாடப்புத்தகம் வைத்து ஆரம்பித்தோம், போர் அடிக்கிறது என்றாள். என் அப்பாவின் பழைய கிரயப் பத்திரத்தின் நகலை எடுத்துக் கொடுத்தேன். 'மேற்படி' என்ற வார்த்தை ஒரு பக்கத்தில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான்கெல்லை விவரத்தில் 'வாய்க்காலுக்குக் கிழக்கு' என்றால் நிலம் வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்று நேற்று எங்களுக்குள் சண்டை. அவள் சொன்னதுதான் சரி.

வேலைக் கடிதம் திங்கட்கிழமை மெயிலில் வந்தது. சம்பளம் பரவாயில்லை. பதவி என்ற இடத்தில் 'ஆபீஸ் அசிஸ்டெண்ட்' என்று இருந்தது. கையெழுத்துப் போடாதே, பேசினபடி மாற்றிக் கேள் என்றேன். எழுதிக் கேட்டிருக்கிறாள். இன்றைக்கு வியாழக்கிழமை, இன்னும் பதில் வரவில்லை. "ஒரு வார்த்தைக்காக வேலைய விட்டுடப் போறாங்க, உங்க ரெண்டு பேருக்கும் பிடிவாதம்" என்று சமையலறையில் இருந்து குரல் வந்துகொண்டிருக்கிறது.